விடையோடு வழியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த படக்கணக்கு எங்கள் தெருவையே பிரித்துவிட்டது. மூன்று பனம்பழம் கூட்டினால் 15. ஒரு பனம்பழமும் இரண்டு வாழைப்பழச் சீப்பும் சேர்ந்தால் 13. சரி, பனம்பழம் 5, சீப்பு 4. கடைசி வரி: பனம்பழம் + சீப்பு × பனம்பழம். டீக்கடை அண்ணாச்சி 45 என்றார். பெருக்கலைத்தான் முதலில் செய்ய வேண்டும், விடை 25 என்றாள் என் மகள். அப்புறம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் படத்தை உற்றுப் பார்த்தான். மற்ற சீப்புகளில் நான்கு பழம், கடைசிச் சீப்பில் மூன்றுதான். ஆகவே 20 என்றான்.

மறுவாரம் நீங்கள் அச்சிட்டதும் 20 தான், ஆனால் வெறும் எண். 45 எங்கே தவறியது என்று அண்ணாச்சிக்கு இன்னும் தெளியவில்லை. கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட கணித மரபு. ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். பழத்தை எண்ணுவது அப்படியல்ல. சீப்பு வெறும் குறியா, பழங்களின் எண்ணிக்கையா என்று கேள்வியில் எங்குமே இல்லை. அதனால் 25 என்பதையும் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி வழியையும் போடுங்கள். எழுத்தைச் சிறிதாக்கினாலும் படித்துக்கொள்கிறோம்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை