டாக்டர் ஆர்டனை ஏன் நாஜி ஆக்கினீர்கள்?

‘அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி’ தொடரை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். 2012-இல் வந்த ‘அசைலம்’ சீசனை இப்போதுதான் முழுசாகப் பார்த்து முடித்தேன். பயமுறுத்துவதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். தோலில் முகமூடி செய்து மாட்டிக்கொள்ளும் ‘பிளடி ஃபேஸ்’ யார் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் போனது.

என் வருத்தமெல்லாம் டாக்டர் ஆர்டன் விஷயத்தில்தான். 1964, மாசசூசெட்ஸ், பிரையர்கிளிஃப் மனநல விடுதி. கேட்க நாதியில்லாத நோயாளிகள் மேல் அவர் ரகசியமாகச் சோதனை நடத்துகிறார். பார்க்கிறவன் பதறிக்கொண்டிருக்கும்போதே, அவர் பெயரை மாற்றிக்கொண்டு வந்த நாஜி என்று அவிழ்த்துவிடுகிறீர்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பழி முழுக்கக் கடல் தாண்டி வந்தவன் தலையில். உள்ளூர் டாக்டர்கள் எல்லாரும் உத்தமர்கள்.

அதே காலத்தில் நியூயார்க்கின் வில்லோபுரூக் பள்ளியில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் நோயின் கிருமியைக் கொடுத்துக்கொண்டிருந்தார் சால் குருக்மன் என்ற டாக்டர். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார். முடிவுகள் மருத்துவ இதழ்களில் அச்சாயின. பிற்பாடு பெரிய விருதும் கிடைத்தது.

அலபாமாவின் டஸ்கிகியை எடுத்துக்கொள்ளுங்கள். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு மருந்து கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை நடத்திய ஆய்வு அங்கே 1932-இல் தொடங்கியது. சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. வெறும் பரிசோதனை, வலி உயிர்போகும். அதற்கு ஆட்களை வரவழைக்க அரசாங்கம் அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கிறது. சிறப்பு இலவசச் சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு, நர்ஸைச் சந்திக்கத் தவறாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. உங்கள் குழுவில் யாராலும் இதைவிடக் குலைநடுங்கும் வசனம் எழுத முடியுமா, தெரியவில்லை. செத்தால் அடக்கச் செலவு தருவார்கள், உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால். பெனிசிலின் வந்து ஊரெல்லாம் குணமானபோதும் இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

ரகசியம் என்கிறீர்களே, இதில் எது ரகசியம்? 1936-லேயே முதல் கட்டுரை வந்துவிட்டது. பிறகும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டாக்டர்கள் படித்தார்கள், பக்கத்தைத் திருப்பினார்கள். பீட்டர் பக்ஸ்டன் என்ற சுகாதாரத் துறை ஊழியர் 1966-இல் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார்; ஒன்றும் நடக்கவில்லை. 1972-இல் பத்திரிகைக்குப் போன பிறகுதான் நின்றது.

உண்மையில் மறைத்துச் செய்ததும் உண்டு: மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா, 1946 முதல் 1948 வரை. சிறைக்கைதிகள், சிப்பாய்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள் ஆகியோருக்கு ஜான் கட்லர் தலைமையில் அமெரிக்க அரசு மருத்துவர்கள் பால்வினை நோய்களை ஏற்றினார்கள். மனநல மருத்துவமனையில் ஒரு பெண் சாகப்போகிறாள் என்று கட்லரே குறித்திருக்கிறார். அன்றைக்கே வேறொருவரின் கொனோரியாச் சீழை எடுத்து அவள் இரண்டு கண்ணிலும் இட்டார். சில நாட்களில் செத்துப்போனாள். கட்லர் பிறகு டஸ்கிகி ஆய்விலும் வேலை பார்த்தார், பேராசிரியரானார், 2003-இல் காலமானார். அவர் விட்டுப்போன காகிதங்களை வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி படித்ததால் 2010-இல் விஷயம் வெளியே வந்தது. ஒபாமா மன்னிப்புக் கேட்டார்.

இந்த டாக்டர்களைத் தொடர்கொலைகாரனோடு ஒரே கூரையின் கீழ் வைத்தால், இவர்களும் ஏதோ மண்டை கலங்கியவர்கள் என்று தோன்றிவிடுகிறது. கட்லர்கள் சம்பளம் வாங்கினார்கள், அறிக்கை அனுப்பினார்கள், மேலதிகாரி ஒப்புதல் கொடுத்தார்.

அடுத்த சீசனுக்கு என் யோசனை: 1969 பிப்ரவரி, அட்லாண்டா. ஒரு மேஜையைச் சுற்றி மருத்துவர்கள். டஸ்கிகியில் மிஞ்சியிருப்பவர்களுக்கு இப்போதாவது மருந்து கொடுக்கலாமா என்று பேச்சு. கொடுக்க வேண்டும் என்கிறார் ஒரே ஒருவர். மற்றவர்கள் ஆய்வு தொடரட்டும் என்று முடிவு செய்கிறார்கள். ரத்தம் வேண்டாம், முகமூடி வேண்டாம், இருட்டுத் தாழ்வாரமும் வேண்டாம். அந்த ஒரு கூட்டத்தை மட்டும் ஒரு மணி நேர எபிசோடாக எடுங்கள். நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தொடரை விடியவிடியப் பார்த்த ஒரு ரசிகன்