ராசாவுக்கு

அன்புள்ள ராசாவுக்கு,

வியன்னாவில் கப்பூச்சின் கல்லறையில் நீ எடுத்து அனுப்பிய படங்கள் வந்தன. "2011இல் செத்த ஒட்டோ என்கிறவருக்கு இத்தனை சக்கரவர்த்திகள் நடுவில் என்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று படிக்க ஆரம்பித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதுதான் பதில் தாமதம்.

ஒட்டோ பிறந்தது 1912இல். நாலு வயதில், அப்பா கார்லுக்கு புடாபெஸ்டில் ஹங்கேரி ராஜாவாக முடிசூட்டியபோது, வெள்ளை உடுப்பும் இறகு வைத்த தொப்பியுமாக நிற்கிற படம் இருக்கிறது. 1918 நவம்பரில் ஆறாவது பிறந்தநாள் வருவதற்குள் ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யமே போய்விட்டது. அடுத்த மார்ச்சில் குடும்பத்தோடு ரயிலேறி சுவிட்சர்லாந்து. 1921இல் கார்ல் இரண்டு தடவை ஹங்கேரிக்குப் போய் முடியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் கப்பலேற்றி, போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ராத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள்.

அங்கே மலைமேல் ஈரம் இறங்கிய ஒரு வீடு. இன்னொரு பையனுக்கு நாலாவது பிறந்தநாள். பொம்மை வாங்க மனிதர் குளிரில் நடந்தே ஊருக்குள் இறங்கிப் போயிருக்கிறார். சளி பிடித்து, நிமோனியாவாகி, 1922 ஏப்ரல் 1ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். வயது 34. மனைவி ஸிட்டாவின் வயிற்றில் எட்டாவது பிள்ளை. மூத்தவன் ஒட்டோவுக்கு ஒன்பது வயது. அம்மாவின் கணக்கில் அன்றிலிருந்து அவன்தான் சக்கரவர்த்தி.

இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

உனக்கும் ஒன்பதுதான் நடந்துகொண்டிருந்தது. அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் வந்தவர்கள் எல்லாரும் உன் தலையைத் தடவி, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பிளை" என்றார்கள். அவர்களை விடு. பதினாறாம் நாள் முடிந்து, தங்கை தூங்கினபிறகு, நானும் அதையே சொன்னேன். நீ தலையாட்டினாய். மறுநாளிலிருந்து விளையாடப் போகவில்லை. பொறுப்பான பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஸிட்டாவும் பெருமைப்பட்டிருப்பாள். ஸ்பெயினில் லெகெய்ட்டியோ என்ற கடற்கரை ஊரில் உட்காரவைத்து அந்தப் பையனுக்கு ஹங்கேரியன், குரோவாசியன் என்று பாஷை பாஷையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளப்போகிற ஜனங்களோடு பேச வேண்டுமாம். அந்த ராஜ்யம் வரைபடத்திலேயே இல்லை! படிப்பு வீண்போகவில்லை, அது வேறு விஷயம். 1979லிருந்து 20 வருஷம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

ஆனால் "எனக்கு அந்தச் சிம்மாசனம் வேண்டாம்" என்று அவர் கையெழுத்துப் போட்டது 1961இல், 48 வயதில். அப்படி எழுதிக்கொடுக்காதவர்கள் ஆஸ்திரியாவுக்குள் வரக்கூடாது என்று 1919இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். போட்ட பிறகும் 1966இல்தான் ஊருக்குள் கால் வைக்க முடிந்தது. அம்மாக்காரி கடைசிவரை போடவே இல்லை. 1982இல் அப்படியே உள்ளே விட்டார்கள். மகன் கையெழுத்துப் போட்ட அன்று அவளுக்கு 69 வயது. அவனிடம் என்ன சொன்னாளோ. நானாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு தண்டனைதானே?

போன வருஷம் நீ அந்த வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டபோது நான் அப்படித்தான் பேசாமல் இருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதத்திலிருந்து பணம் அனுப்பாதே. தங்கை சம்பாதிக்கிறாள், எனக்கு பென்ஷன் வருகிறது, கடன் என்று எதுவும் இல்லை. வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். என்னைக் கேட்காதே.

அப்புறம், நீ பார்த்த கல்லறையில் ஸிட்டா இருக்கிறாள், ஒட்டோ இருக்கிறார். கார்லின் பெட்டி அங்கே இல்லை, கவனித்தாயா? மதெய்ராவில் மோன்டே என்கிற இடத்தில், மாதா கோயிலிலேயே இருக்கிறார். லீவு போட்டு ஒரு தடவை போய்வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள். மலைமேல் குளிருமாம்.

அம்மா