முன்வாசிப்பை வெட்டாதே, மக்களே

தோவாளை,
ஆடி மாதம்

அன்புள்ள மக்களே, என் மகளே,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதெல்லாம் மனசுக்குள்ளேயே கிடக்கிறது. அம்மை பக்கத்தில் நின்றாள், நானும் அதிகம் பேசவில்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

அந்தச் சின்ன ஹாலில் உங்கள் பேண்ட் பழைய இங்கிலீஷ் ‘கோத் ராக்’ பாட்டுகளை எடுத்துப் பாடி முடித்ததும் ஒவ்வொருவராக வந்து சொன்னதை நீ வரிசையாகச் சொன்னாய். ‘இது கரோக்கி.’ ‘பெண் குரலுக்கு ஒத்துவராது.’ ‘டிரம்ஸ் அடிக்க ஆள் கிடைக்கவில்லையா?’ ‘முன்வாசிப்பை ஏன் வெட்டினீர்கள்?’ இனிமேல் பாடவே போவதில்லை என்றும் சொன்னாய். அது வேண்டாம். எல்லாப் பேச்சையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. பாட்டைப் பற்றிப் பேசியவர் யார், உன்னைப் பற்றிப் பேசியவர் யார் என்று பிரித்துப் பார். பாட்டைப் பற்றிப் பேசியவர் கோபத்தில் பேசியிருந்தாலும் அவரிடம் உனக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

உங்கள் ரெக்கார்டிங்கையும் அசல் பாட்டுகளையும் ஷெட்டில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டுக் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். இங்கிலீஷ் பாட்டில் எனக்கு வார்த்தை பாதிதான் பிடிபடும். ஆனால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போட்டே முடி நரைத்தவன் நான், சத்தம் எனக்குப் புரியும்.

முதலில் பெலா லுகோசி பாட்டை எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. டிராகுலாவாக நடித்துப் பெயர் வாங்கிய மனுஷன். 1956-இல் செத்தபோது அந்த வேஷத்து மேலங்கியோடேயே புதைத்தார்கள் என்று நீதான் சொன்னாய். அவரை வைத்து நார்த்தாம்ப்டன் ஊர்ப் பையன்கள் நாலு பேர், பௌஹாஸ் என்று பேர் வைத்துக்கொண்டு, 1979-இல் பாடியது. பேண்ட் சேர்ந்து சில வாரமே ஆன நேரத்தில் ஸ்டுடியோவுக்குள் போய் ஒரே டேக்கில் முடித்திருக்கிறார்கள். ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் கிட்டத்தட்ட முதல் மூன்று நிமிஷம் குரலே கிடையாது. கட்டை தட்டுகிற மாதிரி ஒரு டிக்டிக், கீழே இறங்கி இறங்கி வரும் பேஸ் கிட்டார், எங்கேயோ தூரத்தில் கீறல் விழுந்த மாதிரி கிட்டார். கேட்கிறவன் உட்கார்ந்தே ஆக வேண்டும். ‘யாராவது வருவார்களா, மாட்டார்களா’ என்று அவன் நினைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் குரல் வருகிறது.

நீங்கள் அதை முக்கால் நிமிஷத்துக்குச் சுருக்கிவிட்டீர்கள். ஜனம் பொறுமையாக உட்காராது என்று பயந்திருப்பீர்கள், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் ‘ஏன் வெட்டினீர்கள்’ என்று கேட்ட மனுஷன் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

வில்லுப்பாட்டில் புலவர் எடுத்ததுமே கதைக்குள் குதிக்க மாட்டார் என்று உனக்குத் தெரியும். காப்பு பாடுவார், எந்தக் கதை பாடப் போகிறோம் என்று சொல்லுவார், குருவடி பாடுவார், அவையடக்கம் சொல்லுவார், அதற்கப்புறம் நாட்டு வளம். பிறகுதான் கதை. ஒரு கொடையில், பெயர் வேண்டாம், ஒரு இளம் புலவர் நேரமாகிவிட்டது என்று நாட்டு வளத்தை நாலே வரியில் முடித்துவிட்டுச் சுடலைமாடன் சாமியின் பிறப்புக் கதைக்குப் போய்விட்டார். முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வாயில் இருந்த வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து, நடுப்பாட்டில் கையைத் தூக்கி, “புலவரே, நாட்டு வளத்த முழுங்கிட்டீரே வே!” என்றார். அது மைக்கிலும் விழுந்து ஊருக்கே கேட்டது. குடம் அடித்தவர் கையில் இருந்த பத்தி மட்டை அப்படியே நின்றுவிட்டது. புலவர் முகம் செத்துப்போனது. ஆனால் அந்தப் பெரியவர் எழுந்து போகவில்லை, மக்களே. விடியும்வரை அதே இடத்தில் இருந்தார். சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டு வேகம் எடுத்து, சாமி வந்து ஆடும்போது முதலில் கும்பிட்டு நின்றவரும் அவர்தான். மறு வருஷம் அதே புலவர் வந்தார், நாட்டு வளத்தை நிறுத்திப் பாடினார். பெரியவர் அதற்கும் முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தார்.

உன்னிடம் கேட்டவரையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். எத்தனையோ ராத்திரி அந்த மூன்று நிமிஷத்தைக் கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றி வைத்திருக்கிற ஆள். அது இல்லாமல் பாட்டு தொடங்கியபோது அவருக்கு நெஞ்சில் எங்கேயோ இடித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆள் முன்னால் பாடக் கிடைப்பது பெரிய காரியம். அடுத்த தடவை முன்வாசிப்பைத் திருப்பிச் சேர். அவரையும் கூப்பிடு.

டிரம்ஸ் ஆள் இல்லை என்று சொன்னதற்கு நீ கலங்க வேண்டியதே இல்லை. நீ பாடிய ‘மேரியன்’ பாட்டின் அசலிலும் மெஷின்தானே அடிக்கிறது! அதைப் பாடிய லீட்ஸ் ஊர் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி பேண்டுக்குத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே டிரம் மெஷின்தான், அதற்கு ‘டாக்டர் அவலாஞ்ச்’ என்று ஆள் பேர் மாதிரி பேரும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மெஷினில் எனக்கு ஒரே குறை, சத்தம் மெலிந்து கேட்கிறது. அடிச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்று.

பெண் குரல் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பேண்டின் பாடகர் எல்ட்ரிச் பாடுவது கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஆழமான குரல், நிஜம்தான். அந்தக் குரலுக்காகவே உயிரை விடுகிற ரசிகர்கள் இருப்பார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் அதே எல்ட்ரிச் மேடையில் ‘ஜோலீன்’ பாடியிருக்கிறார் என்று நீயே முன்னால் ஒருநாள் சொல்லிப் போட்டுக் காட்டினாய். டாலி பார்ட்டன் 1973-இல் பாடியது. என் புருஷனைப் பறித்துக்கொள்ளாதே என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கெஞ்சுகிற பாட்டு. அதை அந்தக் கனத்த தொண்டையில் ஒரு ஆண் பாடலாம், அவன் பாட்டை நீ பாடக் கூடாது என்றால் அது என்ன கணக்கு? சூக்ஸி என்கிற பாடகியம்மாவும் அவர் கூட்டமும் 1983-இல் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடி, அதுவே இங்கிலாந்துப் பாட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாவது இடம் வரைக்கும் போனது. பௌஹாஸ் பையன்களுக்கும் பட்டியலில் மேலே ஏறியது பாடகர் டேவிட் போவியின் பாட்டுதான். போவியைக் காப்பி அடிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் போவி பாட்டையே எடுத்துப் பாடினார்கள் பார், அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடிப் பாடியே வளர்ந்த கூட்டம் இது. அந்தக் கூட்டத்து ரசிகர் ஒருவர் உன்னை ‘இது உன் பாட்டு இல்லை’ என்று சொன்னால் அவர் அந்தச் சரித்திரத்தையே மறந்துவிட்டுப் பேசுகிறார்.

நம் ஊரிலும் ஆண்கள்தான் வில் பிடிக்க வேண்டும் என்று பேசிய காலம் இருந்தது. கொட்டாரத்துப் பூங்கனி அம்மா அந்தக் காலத்திலேயே வில்லை அடிக்கிற வீசுகோலைக் கையில் எடுத்தவர். 2018-இல் இறந்துபோனார். அவர் வில்லடித்ததைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஆண் பாட்டா, பெண் பாட்டா என்று அவர்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று. ‘மேரியன்’ பாட்டின் தொடக்கத்தில் நீ அவரைப் போலவே குரலைக் கீழே அமுக்கப் பார்க்கிறாய். அந்த இடத்தில் உன் குரல் உன்னிடம் இல்லை. ‘கரோக்கி’ என்று சொன்னவர் அநேகமாக அங்கேதான் காதைத் தூக்கியிருப்பார். பாதிக்கு அப்புறம் நீ அமுக்குவதை விட்டுவிட்டு உன் உயரத்திலேயே பாடுகிறாய். அங்கே எனக்குக் கை சிலிர்த்தது. அந்த உயரத்திலேயே முதலிலிருந்து தொடங்கு. பேஸ் கீழே நிற்கட்டும், இந்த வகைப் பாட்டில் மெட்டைப் பாதி சுமப்பதே பேஸ்தான், கேட்டாலே தெரிகிறது. கீழே ஆள் இருக்கும்போது நீயும் கீழே இறங்க வேண்டாம்.

எக்கோவையும் பார்த்துக்கொள். பௌஹாஸ் பாட்டில் எக்கோ அதிகமாக விழுவது கட்டைச் சத்தத்திலும் கிட்டாரிலும்தான், குரல் காதருகே வந்து நிற்கிறது. நீங்கள் எல்லாவற்றின்மேலும் ஒரே அளவு எக்கோ போட்டிருக்கிறீர்கள், அதனால் உன் வார்த்தையின் வால் எல்லாம் கரைந்துவிடுகிறது. கொடையில் புலவர் மைக்கில் நான் எக்கோவைத் தொடவே மாட்டேன். கதை சொல்கிறவன் வார்த்தை தெளிவாக விழ வேண்டும்.

நடுவில் ஒரு விஷயம். நீ கறுப்பு உடுத்துக் கண்ணுக்கு மை அப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மைக்குக் கொஞ்சம் பயம். சாவு, பேய், இருட்டு என்றே பாடுகிறார்களே, பிள்ளை நல்லாத்தான் இருக்கிறாளா என்று கேட்டாள். சுடலை கதையை நினைத்துப் பார் என்றேன். தொட்டிலில் கிடக்க வேண்டிய பிள்ளை நடுராத்திரி எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்ளும். அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் அவள். முப்பந்தல் இசக்கி அம்மன் முன்னால் சின்ன வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவளும் அவள்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேளுங்க” என்றாள். கேட்கிறேன்: ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நீ சொன்னதில் நீயே கவனிக்காமல் விட்டுவிட்ட ஒன்று உண்டு. கடைசியில் ஒரு பையன் வந்து ஒன்றும் பேசாமல், அந்தப் பேஸ் வாசிக்கிற பிள்ளையிடம் எந்த நரம்பில் வாசித்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான் என்றாயே. அவனும் ரசிகன்தான். வீட்டுக்குப் போனதும் அதை வாசித்துப் பார்த்திருப்பான். குறை சொன்னவர்களை வரிசை தவறாமல் சொன்ன நீ, அவனைப் பற்றி ஒரே வரிதான் சொன்னாய்.

அவையடக்கத்தில் புலவர் சபையைப் பார்த்து, குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் தொடங்குவார். அதைச் சொல்லிவிட்டால் சபைக்குக் குறை சொல்ல உரிமை கொடுத்தாயிற்று. கூடவே இவருக்கு விடியும்வரை பாடுகிற உரிமையும் கிடைத்துவிடுகிறது. உங்கள் மேடையில் அந்த வழக்கம் இல்லை. மனசுக்குள்ளாவது சொல்லிவிட்டுத் தொடங்கு.

அடுத்தது தி க்யூர் பேண்டின் ‘எ ஃபாரஸ்ட்’ பாட்டு என்று சொல்லியிருந்தாய். அதன் கடைசியில் எல்லாம் அடங்கிப் பேஸ் மட்டும் தனியே நின்று முடிகிறது. கைதட்டல் வருகிறதே என்று அதை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். முந்தியே யாராவது தட்டினாலும் தட்டிக்கொள்ளட்டும், பேஸ் வாசிக்கிற பிள்ளை கையை எடுக்க வேண்டாம்.

கொடைக்கு லீவு கிடைக்குமா என்று சீக்கிரம் சொல். வரும்போது உங்கள் பாட்டை, பேஸ் தனியாக, குரல் தனியாக, மெஷின் தனியாகப் பிரித்துக் கொண்டுவா. ஷெட்டில் பெரிய பாக்ஸில் போட்டு, எதை ஏற்ற வேண்டும், எதை இறக்க வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
அப்பா