காசிமேட்டு மீன் சந்தைக்கு ஒரு நன்றி மடல்

சென்னை காசிமேட்டு மீன் சந்தையில் கடன் புழங்கும் விதம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நன்றியுரைக்கென்று ஒரு பக்கம் உண்டு. அது ஆங்கிலத்தில் இருப்பதால், நன்றிக்கு உரியவர்களில் பலர் அதைப் படிக்கப்போவதில்லை. ஆகவே இந்த மடல்.

முதல் வணக்கம், காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கும் அக்காமார்களுக்கு. தண்டல் கடன் பற்றிய அத்தியாயம் உங்களுடையது. பேசிய தொகை பத்தாயிரம் ரூபாய், 1,500 பிடித்தம் போகக் கைக்கு வருவது 8,500, பிறகு நாளுக்கு நூறாக நூறு நாள். நாளுக்கு நாள் அசல் குறைவதையும் கணக்கில் சேர்த்து இதை ஆண்டு வட்டியாக மாற்றினால் நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. நான் அதைச் சொன்னபோது, சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த ஓர் அக்கா தலை நிமிரவே இல்லை. "வட்டி கிடக்கட்டும் தம்பி. விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்தில் நிற்கிறேன். அந்த நேரத்தில் எந்த பேங்க் திறந்திருக்கிறது?" என்றார். என் ஆய்வு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்தது. (நெறியாளர் அதற்குச் சமன்பாடு கேட்டார், அது தனிக் கதை.)

ஏலக்கார அண்ணன்களுக்கும் நன்றி. படகுக்காரருக்கு வட்டியில்லாமல் முன்பணம் தருவதையும், பிடித்து வரும் மீனை உங்கள் மூலமே விற்க வேண்டும் என்று கட்டிப்போடுவதையும் மறைக்காமல் சொன்னீர்கள். வட்டி, விற்பனையில் நீங்கள் எடுக்கும் கமிஷனுக்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் வாதம். நீங்கள் ஒப்பவில்லை. "வலை வெறுமையாக வந்தால் நாங்கள் நெருக்குவதில்லையே" என்றீர்கள். நியாயம்தான், அதையும் எழுதியிருக்கிறேன்.

இளங்கலைப் பொருளாதாரம் வியாசர்பாடி அரசுக் கலைக் கல்லூரியில், முதுகலை சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில். அங்கே 1915இல் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தவர். அதைச் சொல்லிவிட்டு, "உன் ஊரில் கடலே இருக்கிறதே, வேறெங்கே தேடுகிறாய்?" என்று கேட்ட பேராசிரியைக்குக் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனுக்குத் தவணையும் இல்லை.

வீட்டாருக்கு நன்றி சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வார். விட்டுவிடுகிறேன்.

அடுத்து, ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் குடும்பங்கள் எங்கெல்லாம் பணம் புரட்டுகின்றன என்று பார்க்கப்போகிறேன். அதற்கு முன் ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்துக் கொண்டுவருகிறேன். ஏலம் முடிந்து கொஞ்சம் ஓயும் நேரத்தில் வாசித்துக் காட்டுகிறேன். கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.