‘கூலி வேணாம், கட்டை போதும்’ என்பவரிடம் மரத்தைக் கொடுக்காதீர்கள்

சென்னை மாதவரத்தில் எங்கள் நகரின் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும், வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போகும் மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழைக்காலம் நெருங்குகிறது. வழக்கம்போல இந்த வருஷமும் குட்டியானை வண்டியில் நாலு பேர் வந்து இறங்குவார்கள், மரம் கழிக்கணுமா என்பார்கள், எவ்வளவு என்று கேட்டால் “கூலியெல்லாம் வேணாம் சார், கட்டையை எடுத்துக்கறோம்” என்பார்கள், நம் பொருளாளர் முகம் மலர்ந்துவிடும். சங்கத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை என்று நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஏற்பாடுதான் நம் தெரு மரங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மடல்.

கட்டைதான் கூலி என்றால், மரம் ஏறுகிறவர் எந்தக் கிளையில் கை வைப்பார்? விறகுத்தொட்டியில் எடைக்குத்தான் காசு. சுள்ளிக்கும் தழைக்கும் யார் காசு தருவார்கள்? விறகடுப்பு பிரியாணிக் கடைகள் பெருகியபின் பருத்த கட்டைக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. ஆக, தொடைப் பருமனில் உள்ள நல்ல கிளை முதலில் இறங்கும். கரண்ட் கம்பியை உரசிக்கொண்டிருக்கும் ஒல்லிக் கிளை அப்படியே நிற்கும், காய்ந்து மேலே தொங்குவதும் அப்படியே தொங்கும். தழையைத் தெருவோரம் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் குப்பை வண்டிக்காரரிடம் நாம் கெஞ்ச வேண்டும். இதில் அவர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. உழைப்புக்குக் காசு கொடுக்காமல் மரத்தைக் காட்டி எடுத்துக்கொள் என்றவர்கள் நாம்தானே.

தென்னைக்கு மட்டும் நமக்குப் புத்தி சரியாக இருக்கிறது, கவனித்தீர்களா? மரத்துக்கு இவ்வளவு என்று பேசி, கையில் காசு கொடுக்கிறோம். ஏறுகிறவர் முற்றிய காயைத் தட்டிப் பார்த்துப் பறிக்கிறார், காய்ந்த மட்டையையும் பாளையையும் இழுத்துப் போடுகிறார், பச்சை மட்டையைத் தொடுவதில்லை. வேம்புக்கும் புங்கனுக்கும் ஏன் அதே மரியாதை கிடையாது?

மூன்றாவது குறுக்குத் தெரு முனையில் நிற்கும் வேம்பைப் போய்ப் பாருங்கள், தயவுசெய்து பக்கத்தில் போய்ப் பாருங்கள். போன வருஷம் அதன் பெரிய கிளையை மேலேயிருந்து ஒரே வெட்டாக வெட்டினார்கள். பாதி வெட்டும்போதே கிளை தன் எடையில் முறிந்து, கீழே ஓர் ஆள் உயரத்துக்குப் பட்டையை உரித்துக்கொண்டு விழுந்தது. அந்த இடம் இன்னும் மூடவில்லை, பிசின் வடிந்து காய்ந்து கிடக்கிறது, உள்ளே விரலால் அழுத்தினால் மரம் பொதுக்கென்று போகிறது. இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை இழுக்காமல் விழும். மரத்தில் மிச்சமிருக்கும் குட்டைத் துண்டைக் கடைசியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். அந்தத் தடிப்பிலிருந்துதான் புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். தடிப்போடு சேர்த்து வழவழவென்று செதுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், மரத்துக்கு ஆறாது. நீளமாகத் துண்டு விட்டாலும் அது உளுத்து உள்ளே இறங்கும். தார், பெயிண்ட் பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை, அந்தச் செலவையும் மிச்சப்படுத்தலாம்.

சரி, உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2016 டிசம்பர் 12-ஐ யார் மறந்தோம்? வர்தா புயல் அடித்த அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று, நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மொகரும் இயல்வாகையும் ஏராளமாக விழுந்தன, இரண்டுமே வெளியூர் மரங்கள், குல்மொகருக்கு மடகாஸ்கர்தான் சொந்த ஊர். அதிலிருந்து மரம் என்றாலே ‘தலையை வெட்டிவிடு’ என்பது நம் சங்கத்தின் கொள்கையாகிவிட்டது. ஆனால் தலை வெட்டிய மரம் சும்மா இருக்காது, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்விடும். அந்தப் புதுக் கிளைகளுக்கு உள்மரத்தில் பிடிப்பு இல்லை, பட்டைக்கு அடியில் மேலாக ஒட்டியிருக்கும். நாலைந்து வருஷத்தில் கனம் கூடியதும் அடுத்த காற்றுக்கு அவைதான் முதலில் முறிந்து காரின் மேல் விழும். காற்று உள்ளே புகுந்து போகிற அளவுக்கு அங்கங்கே கிளைகளைக் குறைப்பது வேறு, மொட்டையடிப்பது வேறு. ஒரு வருஷத்தில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கவே கூடாது.

மரம் விழுமா விழாதா என்பது பெரும்பாலும் கீழேதான் முடிவாகிறது, நாம் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர் முழுக்க ஜேசிபி வாயில் போய்விடுகிறது. வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மழை வந்தால் இங்கே தண்ணீர் நிற்பது எல்லாருக்கும் தெரியும். தோண்டுகிற அன்று சங்கத்திலிருந்து ஒருவர் பக்கத்தில் நின்றால் என்ன? மற்றபடி வாசலை அழகாக்குகிறேன் என்று அடிமரம் வரை சிமெண்டும் டைல்ஸும் போட்டிருக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு வேண்டுகோள், சுற்றிலும் ஒரு மீட்டராவது மண்ணை விடுங்கள்.

இன்னொன்று. மழைக்கப்புறம் வேம்பின் நுனியெல்லாம் கருகித் தொங்குவதைப் பார்த்து “மரம் செத்துப்போச்சு, எடுத்துடலாம்” என்று குழுவில் ஒருவர் போட, பத்துப் பேர் ஆமாம் போட்டீர்கள். அது தேயிலைக் கொசு என்ற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை, தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்க்கின்றன. அவசரப்பட்டு ஆள் கூப்பிடாதீர்கள்.

சட்டப்படியும் ஒரு விஷயம். காம்பவுண்டுக்கு வெளியே நிற்பது மாநகராட்சி மரம். 2011-இல் மாதவரம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, இன்னும் நகராட்சிக் காலம் மாதிரியே நாமாக முடிவெடுத்துக்கொண்டிருக்கிறோம். கிளை கழிக்க 1913-க்குச் சொன்னால் பதிவெண் தருவார்கள், மண்டலப் பூங்காத் துறையைத் தொடர்ந்து கேட்க வேண்டும், தாமதமாகும், தெரியும். மரத்தையே எடுக்க வேண்டுமென்றால் அதற்கு அனுமதி தரும் மாவட்டப் பசுமைக் குழு வரை போக வேண்டும். கம்பிக்குப் பக்கத்தில் என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் யாரையும் ஏற்றவே கூடாது. போன தடவை ஏறிய பையனுக்கு ஹெல்மெட் இல்லை, இடுப்பில் கயிறு இல்லை, காலில் செருப்பும் இல்லை. அவன் விழுந்திருந்தால் எந்தக் கணக்கிலிருந்து என்ன எடுத்துக் கொடுத்திருப்போம் என்று பொருளாளர் சொல்லட்டும்.

ஆகவே, காம்பவுண்டுக்குள் இருக்கும் மரங்களுக்காவது இந்த வருஷம் நாள்கூலி பேசி ஆள் வையுங்கள். எந்தக் கிளை என்று முதல் நாளே சாக்பீஸில் குறியிட்டு, வேலை முடியும்வரை ஒருவர் கீழே நிற்கட்டும். கட்டையைத் தனியாக எடை போட்டு விற்று அந்தக் காசைச் சங்கக் கணக்கில் சேர்த்தால் கூலியில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். மீதிக்கு வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்ளலாம், என் பங்கைச் சங்கக் கூட்டத்தன்றே கொடுத்துவிடுகிறேன். ஒத்துவராது என்றால் அதையும் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், என் வீட்டு மாமரத்துக்கும் புங்கனுக்கும் நானே ஆள் பார்த்துக்கொள்கிறேன், குட்டியானை என் வாசலில் நிற்க வேண்டாம்.