பலகையின் பின்பக்கம்

மதுரை,
மார்கழி 20.

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்து, விடியற்காலையில் வாசலில் கோலம் போடும் அளவுக்குத் தேறியிருக்கிறாள்.

நம்மூர் ஓட்டுநர் உரிமம் ஜெர்மனியில் ஆறு மாதம்தான் செல்லும் என்றும், அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடித்தாக வேண்டும் என்றும் ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னாய். புத்தகத்தில் உள்ள சாலைச் சின்னங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன என்றாய். பேச்சை முடிக்கும்போது, "பலகையையே பனி மூடிவிடுகிறது, அதில் எதைப்பா படிப்பது?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியோடுதான் அன்றிரவு படுத்தேன். பலகை எழுதியே உன்னை வளர்த்தவன் நான். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லாமல், எனக்குத் தெரிந்ததை முழுவதுமாக எழுதி அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

சிம்மக்கல்லில் நான் தொழில் கற்ற கடையில், முதல் மூன்று மாதம் ஆசான் என் கையில் தூரிகையைத் தரவில்லை. தகட்டில் வடிவம் வரைவதும் வெட்டுவதும் விளிம்பை அரத்தால் ராவுவதும் மட்டுமே என் வேலை. எண்கோணம் வரைய அவர் கற்றுத்தந்த முறை இன்றும் என் விரலில் இருக்கிறது. மூன்றடிச் சதுரத் தகட்டில் மூலைக்கு மூலை சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டினால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் நடுப்புள்ளி. மூலையில் நூலின் ஒரு நுனியைப் பிடித்து நடுப்புள்ளி வரை அளந்து, அதே நீளத்தை அந்த மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளிலும் குறிக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் இப்படிக் குறித்தால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்து நான்கு மூலைகளையும் வெட்டி எறிந்தால் எட்டுப் பக்கமும் ஒரே அளவாக நிற்கும். அளவுகோலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். வெட்டிய தகட்டை ஆசான் தெருவின் மறுமுனைக்குக் கொண்டுபோய்த் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "என்ன தெரியுது?" என்று கேட்பார். வண்ணமோ எழுத்தோ இல்லாத வெறுந்தகடுதான் அது. "நில்லுன்னு தெரியுது" என்று நான் சொன்ன அன்றுதான் தூரிகையைக் கொடுத்தார்.

தாயி, உன் கேள்விக்கு விடை அந்தத் தெருமுனையிலேயே இருக்கிறது. பலகையில் முதலில் கண்ணுக்கு எட்டுவது வடிவம். அடுத்து வண்ணம், அதன்பின் படம், எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசி. இரவில் பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு நிறம் பழுப்பாக மங்கிவிடும். அப்போதும் முக்கோணம் முக்கோணமாகவே நிற்கும். நம் மதுரையில் பனி கிடையாது என்றாலும் சுவரொட்டி உண்டு. காதணி விழா, வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி என்று கம்பத்தில் இருக்கும் பலகை மீதும் பசை தடவி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் எழுதிய பள்ளிச் சின்னத்தின் மீதே, இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் மறைத்து ஒட்டியிருந்த, யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு விழாச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அன்று சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாளுக்கு வெளியே முக்கோணத்தின் மூன்று முனைகளும் நீட்டிக்கொண்டிருந்தன. உங்கள் ஊர்ப் பனியும் முகத்தைத்தான் மூடும், விளிம்பை மூட அதனால் ஆகாது.

ஆகவே புத்தகத்தைப் படத்திலிருந்து தொடங்காதே, வடிவத்திலிருந்து தொடங்கு. வட்டம் உத்தரவு, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். நம்முடைய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணை சின்னங்களை இந்த மூன்று வகையாகத்தான் பிரிக்கிறது. சாலைச் சின்னங்களுக்காக 1968இல் வியன்னாவில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. இந்தியா 1980இல் அதில் சேர்ந்தது, ஜெர்மனியும் அதில் இருக்கிறது. அதனால் மாட்டுத்தாவணியில் நீ பார்த்து வளர்ந்த சிவப்பு வளையமும் மியூனிக்கில் பார்க்கும் சிவப்பு வளையமும் ஒரே மொழியைத்தான் பேசுகின்றன.

வட்டத்துக்குள் இரண்டு குணங்கள் உண்டு. சிவப்பு வளையம் என்றால் தடை அல்லது எல்லை. முழு நீலம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது. சிவப்பு வளையத்துக்குள் 50 என்றிருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது; நீல வட்டத்தில் வெள்ளையாக 50 என்றிருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. எண் ஒன்றுதான், பொருளோ நேர் எதிர். நீலத்தில் சிவப்பு வளையம் போட்ட வாகன நிறுத்தச் சின்னத்தில் பலர் இடறுவார்கள். அதில் ஒரு சாய்கோடு இருந்தால் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டினால் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

இந்த மூன்று வடிவங்களிலிருந்தும் வேண்டுமென்றே விலகி நிற்பவை இரண்டு: நில் என்னும் எண்கோணமும், வழிவிடு என்னும் தலைகீழ் முக்கோணமும். எண்கோணம் அமெரிக்காவில் 1923 வாக்கில் பிறந்தது. பக்கங்கள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்று அங்கே ஒரு கணக்கு வைத்தார்கள். பக்கமே எண்ண முடியாத வட்டத்தை ரயில் கேட்டுக்குக் கொடுத்து, அதற்கு அடுத்த எண்கோணத்தை நிற்கும் இடத்துக்குக் கொடுத்தார்கள். 1954 வரை அந்தப் பலகை அங்கே மஞ்சளாகத்தான் இருந்தது, சிவப்பு பின்னால் வந்தது. வண்ணம் மாறியும் வடிவம் மாறவில்லை என்பதைக் கவனி.

இந்த இரண்டுக்கு மட்டும் தனி வடிவம் கொடுத்ததில் இன்னொரு பயன் இருக்கிறது. பலகைகளின் பின்பக்கம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பின்னாலிருந்து பார்த்தால் வட்டம் என்ன உத்தரவு சொல்கிறது என்று உனக்குத் தெரியாது. எண்கோணத்தையும் தலைகீழ் முக்கோணத்தையும் மட்டும் முதுகைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். சந்திப்பில் குறுக்கே வருகிறவனுக்கு முன்னால் நிற்கும் பலகையின் முதுகு உனக்குத் தெரிந்தால், அவனுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் உனக்குத் தெரிந்துவிடும். அவன் அதைக் கேட்கிறானா என்று சக்கரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே நீ கடக்க வேண்டும்.

நீ ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. மேலூர்ப் பக்கம் ஒரு கிளைச்சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தில், நான் எழுதிய வழிவிடு பலகை ஒன்று நின்றது. லாரி இடித்துக் கம்பம் சாய்ந்ததால், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேறு கம்பம் நட்டு அதே தகட்டை மாட்டினார்கள். அவர்கள் அதுவரை பார்த்த முக்கோணமெல்லாம் கூம்பு மேலே இருப்பவை. ஆகவே இதையும் கூம்பு மேலே வரும்படி புதிதாக இரண்டு துளை போட்டு முடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, விடியற்காலையில் பால் கேன்களோடு கிளைச்சாலையிலிருந்து வந்த ஒரு பையன் வேகம் குறைக்காமல் பெரிய சாலையில் ஏறி, ஒரு வேனில் மோதி விழுந்தான். உயிருக்கு ஆபத்தில்லை, கழுத்தெலும்பு முறிந்தது. டீக்கடையில் எல்லாரும் இளரத்தம், வேகம் என்றே பேசினார்கள். மூன்றாம் நாள் அந்த வழியே சைக்கிளில் போன நான்தான் பலகையைப் பார்த்தேன். சிவப்பு விளிம்பு, நடுவில் வெள்ளை, அதில் ஒரு கோடுகூட இல்லை. எச்சரிக்கிறது, ஆனால் எதை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையனைப் பார்த்தபோது, "அந்தப் பலகைல ஒண்ணுமே போடலயே, அண்ணே" என்றான். அவன் பலகையைப் பார்த்திருக்கிறான். பார்த்து, படிக்கவும் முயன்றிருக்கிறான்.

ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அன்று மாலையே சைக்கிள் கடையில் ஸ்பேனர் கடன் வாங்கி, டீக்கடை ஸ்டூலின் மேல் ஏறி, தகட்டைக் கழற்றித் திருப்பி, பழைய துளைகளிலேயே மாட்டினேன். இரண்டு போல்ட், பத்து நிமிட வேலை. இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தபோது, அதே தகடு, அதே வண்ணம், ஆனால் வேறு சொல். அன்றிலிருந்து எந்தச் சந்திப்பிலும் நான் முதலில் பார்ப்பது கூம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான்.

கூம்பு மேலே இருக்கும் முக்கோணங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அவைதான் எண்ணிக்கையில் அதிகம். 1909இல் பாரிஸில் பல நாட்டவர்கள் கூடி முதன்முதலாகப் பொதுச் சின்னங்களை ஒப்புக்கொண்டபோது நான்கே நான்கு படங்களைத்தான் ஏற்றார்கள்: மேடுபள்ளம், வளைவு, குறுக்குச்சாலை, ரயில் கேட். மோட்டார் வண்டி ஓட்டுகிறவனுக்கு அன்றைக்கு எவை பயமோ அவை இன்றைக்கும் பயம். மற்ற படங்களெல்லாம் இந்த நான்கின் பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் மனப்பாடம் செய்யும் சுமை பாதியாகக் குறையும். சிறுமலைக்குப் போனபோது பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் நீ எண்ணிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறதா? அங்கே படத்தில் கோடு முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் சாலையும் முதலில் திரும்பும். அம்பைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நீ நிற்பது அம்பின் அடியில்.

எச்சரிக்கைப் பலகை ஆபத்து இருக்கும் இடத்தில் நிற்காது, முன்னாலேயே நிற்கும். எங்கள் காலத்து விதிப்படி சமவெளியில் தேசிய நெடுஞ்சாலை என்றால் 120 மீட்டர், மலைச்சாலை என்றால் 60 மீட்டர் முன்னால் நட வேண்டும். ரயில் கேட்டுக்கு நம்மூரில் முதல் பலகை 200 மீட்டரில் இரண்டு சாய்கோடுகளோடு நிற்கும், அடுத்தது 50இலிருந்து 100 மீட்டருக்குள் ஒரே கோட்டோடு நிற்கும். உங்கள் ஊரில் மூன்று கோடு 240 மீட்டரில் தொடங்கி, இரண்டு 160இல், ஒன்று 80இல். இரண்டு நாட்டிலும் கோடு குறையக் குறையத் தண்டவாளம் நெருங்குகிறது. பகலில் இதைப் பார்க்காமலும் ஓட்டிவிடலாம். மூடுபனியில் ரயில் கேட்டே தெரியாதபோது, அந்தக் கோடுகள்தான் உனக்குத் தூரத்தை எண்ணிச் சொல்லும்.

இங்கே இல்லாமல் அங்கே மட்டும் இருப்பவற்றைத் தனியாகப் படித்துவிடு. முனையில் நிற்கும் மஞ்சள் சதுரம், வெள்ளை விளிம்போடு இருப்பது, உன் சாலைக்கே முதலுரிமை என்று சொல்கிறது. அதே சதுரத்தில் கறுப்புக் கோடுகள் விழுந்தால் அந்த உரிமை முடிந்தது. எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இது மட்டும் நமக்குப் புதிதல்ல; நம்முடைய 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும் இதுவே எழுதப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையை வெறும் பெயர்ப்பலகை என்று எண்ணிவிடாதே. அதைத் தாண்டிய நொடியிலிருந்து, எண் எதுவும் எழுதாவிட்டாலும், 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. செவ்வகம் தகவல் என்று மேலே சொன்னேன். அந்தத் தகவலிலும் ஓர் உத்தரவு ஒளிந்திருக்கும் இடம் இது.

உன் கண் பலகையை இடப்பக்கம் தேடிப் பழகியது. அங்கே அது வலப்பக்கம் நிற்கும். முதல் ஒரு மாதம் மாப்பிள்ளை ஓட்டும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து, பலகையைப் பார்த்தவுடன் அதன் வடிவத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகு: வட்டம், முக்கோணம், தலைகீழ், எட்டு. படத்தைச் சொல்லாதே. மாப்பிள்ளை சிரித்தாலும் நிறுத்தாதே.

நெடுஞ்சாலை எண்ணிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2010இல் நம்மூரில் எண்களை மாற்றியபோது, மதுரை வழியாகப் போகும் பழைய 7ஆம் எண் சாலை 44 ஆனது. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை என்று வகுத்தார்கள். கன்னியாகுமரிக்குப் போவது 44, கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்குப் போவது 85. உங்கள் ஊரில் இது அப்படியே தலைகீழ்: மியூனிக்கிலிருந்து வடக்கே பெர்லினுக்குப் போவது 9, மேற்கே ஷ்டுட்கார்ட்டுக்குப் போவது 8. திசை தப்பினால் இது கைகொடுக்கும்.

பேத்திக்கு அம்மா முறுக்கும் அதிரசமும் செய்து பெட்டியில் வைத்திருக்கிறாள். அதன் அடியில் தாளில் சுற்றி நான்கு சிறிய தகடுகள் வைத்திருக்கிறேன்: வட்டம், முக்கோணம், செவ்வகம், எண்கோணம். விளிம்புகளை நன்றாக ராவியிருக்கிறேன், குழந்தையின் கையைக் கிழிக்காது. வண்ணம் அடிக்கவில்லை, படமும் போடவில்லை. இருபுறமும் சாம்பல் நிற பிரைமர் மட்டும்தான். இரவில் சாப்பிட்ட பிறகு கூடத்தின் மறுமுனையில் பேத்தியை நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல். முக்கோணத்தை மட்டும் எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவளே முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
அப்பா