உரக்கடை அண்ணாச்சிமார்களுக்கு, கோழி வளர்க்கும் ஒருத்தியின் மடல்

குமரி மாவட்டத்தில் உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையும் நடத்துகிற அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

மருந்து வாங்க ஆள் வந்தால் நீங்கள் கேட்பது வழக்கம்தான். வாழை ஏத்தனா மட்டியா, எத்தனை மூடு, நட்டு எத்தனை மாதம். அதோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்: வீட்டில் கோழி உண்டா?

நம் ஊர் கிடப்பு அப்படி. மற்ற மாவட்டங்களில் வீடு ஊருக்குள் இருக்கும், வயல் வெளியே இருக்கும். இங்கே கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கமெல்லாம் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவில்தான் வீடு. அடுக்களைக் கதவைத் திறந்தால் வாழை, அதைத் தாண்டினால் மரச்சீனி (மரவள்ளி), இடையில் நாலு தென்னை. காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் சாயங்காலம் வரை கோழி கிளறுவது அந்த வாழையின் மூட்டை, அடிமண்ணைத்தான். ஈர மண்ணில் புழு கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். வாழைக் கிழங்கைத் துளைக்கிற வண்டுக்கென்று பூச்சிமருந்துக் குருணை போடுவதும் அதே மூட்டில்.

கோழிக்குப் பல் இல்லை. தின்றதை அரைக்க மணலும் சிறு கல்லும் பொறுக்கி விழுங்கும். கார்போபியூரான் என்கிற அந்த மருந்துக் குருணை அதன் கண்ணுக்கு இன்னொரு மணல், அவ்வளவுதான். குருவி அளவுள்ள பறவை சாக ஒரே ஒரு குருணை போதும். பறவைகள் கூட்டமாகச் செத்ததைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 1990களில் இந்தக் குருணையைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், கேரளத்தில் 2011-லேயே இதையும் போரேட் என்கிற இன்னொரு குருணை மருந்தையும் தடை செய்துவிட்டார்கள். அப்போதும் எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் உப்பு, புளி போல வாங்க முடிந்தது. போரேட்டுக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. பழைய சரக்கு எந்த மூலையிலாவது கிடந்தால், தயவுசெய்து அதைத் தெரிந்தவருக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

பக்கத்து விளை மாமா ஒருநாள் காலையில் வாழைக்குக் குருணை போட்டார். மத்தியானம் எங்கள் பெட்டைக்கோழி ஒன்று அம்மிக்கல் பக்கத்தில் சிறகை விரித்துக் கிடந்தது. அலகிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கால் இரண்டும் பின்னால் விறைத்து நீண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது சாய்ந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் கழிச்சல் நோய் என்றார்கள். மாமியாருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. செத்த கோழியின் தீனிப்பையைக் கீறினார்கள். தவிட்டுக்கும் பாதி மண்புழுவுக்கும் நடுவில் ஊதா நிறத்தில் குருணை ஒட்டியிருந்தது. மாமா வாங்கி வந்தது லேபிள் இல்லாத ஒரு பிளாஸ்டிக் கவர். ஏதோ ஒரு கடையில் பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நஞ்சு என்று எச்சரிக்கிற வண்ண முக்கோணமும் இல்லை, கோழி என்ற சொல்லும் இல்லை. மாமாவை என்ன சொல்ல?

கழிச்சல் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கேட், இப்படி ஒரு மத்தியானத்தில் முடிகிற நோய் இல்லை. கோழி தூங்கி வழியும், தீனி எடுக்காது, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி நாள்கணக்கில் இழுக்கும். காலையில் நன்றாக மேய்ந்தது மத்தியானம் எச்சில் வடித்து விறைத்தால் முதலில் நஞ்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், சாகப்போகிற கோழியை அறுத்துக் குழம்பு வைத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அந்த இறைச்சி பிள்ளைகள் தட்டுக்குப் போகும்.

உங்களைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து வாங்க வருவது பெரும்பாலும் ஆண்கள். கோழி பெண்களுடையது. முட்டை விற்கிற காசும் அவர்கள் கையில்தான். கடையில் நடக்கிற பேச்சில் அவள் இல்லை. நீங்கள் கேட்காவிட்டால் கோழியைப் பற்றி அங்கே யாருக்கும் ஞாபகம் வராது. அப்படி ஞாபகம் வந்தாலும் "மண்ணைத் தள்ளி மூடினால் போதும்" என்பார்கள். மூடிய மண்ணைக் கிளறுவதுதானே கோழியின் வேலை!

வாழைக்காரரின் பயம் தெரியாமல் எழுதவில்லை. கிழங்கை வண்டு துளைத்த வாழை சின்னக் காற்றுக்கே சாயும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து முடிந்தபின் விளைகள் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் குருணை ஒன்றே வழி என்று இல்லை. நடுகிற கன்றின் கிழங்கைச் சீவி, துளை இருந்தால் கழித்துப் போடலாம். மூட்டுக்கு வேப்பம்பிண்ணாக்கு இடலாம். குலை வெட்டிய வாழைத்தண்டை ஒன்றரை அடித் துண்டாக்கி, நெடுகப் பிளந்து, வெட்டிய பக்கம் மண்ணில் படும்படி மூட்டுப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். அந்த வாடைக்கு வண்டு வந்து அடையும். காலையில் புரட்டினால் மூக்கு நீண்ட கறுப்பு வண்டுகள் இருக்கும், பொறுக்கி எடுத்து நசுக்கிவிடலாம். வண்டைக் கொல்கிற பிவேரியா பூஞ்சாணப் பொடி உங்கள் கடையிலேயே இருக்குமே, அதை அந்தத் தண்டில் தடவினால் இன்னும் நல்லது. இதில் உங்களுக்கு லாபம் குறைவு என்று தெரியும். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம், கோழிக்கு நோய் என்று யாராவது வந்தால் ஒரு பாக்கெட் பவுடரைக் கொடுத்து அனுப்பாதீர்கள். ராணிக்கேட் வைரஸ் நோய், வந்தபின் மருந்து இல்லை, முன்கூட்டியே போடுகிற தடுப்பூசிதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும், கலக்கினால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஐந்தாறு கோழி வைத்திருப்பவள் அதைத் தனியாக வாங்கி என்ன செய்வாள்? கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் அறிவிக்கும்போது அந்த நோட்டீஸில் ஒன்றை உங்கள் கல்லாவுக்கு மேலே ஒட்டிவையுங்கள். மருந்து வாங்க வருகிற அண்ணன்மார் வாசித்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாவிலிருந்து,
கோழி வளர்க்கும் ஒருத்தி